எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா?

இரவு எட்டு மணிக்கு வீட்டில் திடீரென்று விளக்கு அணைந்துவிட்டால் முதலில் என்ன செய்கிறோம்? மெழுகுவர்த்தியைத் தேடுகிறோம் என்று சொல்லாதீர்கள். அது இரண்டாவது காரியம். முதல் காரியம், தட்டுத் தடுமாறி வாசலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்ப்பதுதான். எதிர்வீடும் இருட்டாக இருந்தால் மனத்துக்கு என்னவோ ஒரு சாந்தி. எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

எங்கள் வீட்டில் இந்தப் பார்வையிடும் உத்தியோகம் அத்தையிடம் இருந்தது. "அங்கேயும் போயிட்டுதுடா!" என்று அவள் வாசலிலிருந்து அறிவித்தால், அப்பா சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். பனை விசிறியை எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். "அங்கே எரியுதே!" என்று சொன்னாளோ, ஆரம்பமாகிவிடும் ஆர்ப்பாட்டம். முக்காலி வரும், டார்ச் வரும், டார்ச்சில் செல் தீர்ந்திருக்கும். பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, உருகிப்போன கம்பிக்குப் பதில் வேறு கம்பி சுற்றி, மறுபடி செருகுவதற்குள் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டிவிடும். செருகியதும் மறுபடி "பட்" என்று போய்விட்டால் விசாரணை தொடங்கும். இஸ்திரிப் பெட்டியா, சமையலறை விளக்கா, யார் எந்த ஸ்விட்சைத் தொட்டார்கள்? குற்றவாளி பெரும்பாலும் நான்தான்.

அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். ஆனால் வாசல்படியில் நின்று அவள் செய்த காரியம் அற்பமானதல்ல. "பழுது எங்கே? நம்மிடமா, வெளியிலா?" என்ற கேள்விக்கு அவள் விடை கண்டுகொண்டிருந்தாள். இந்த ஒரே கேள்வியை யந்திரமே கேட்டு, யந்திரமே பதிலும் சொல்லும்படி செய்வதற்காக மனிதர்கள் நூறு வருஷத்துக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். இதில் கதாநாயகன் கிடையாது. வில்லனும் கிடையாது. ஆனால் வில்லன் ஒருவன் இருப்பதாக நினைத்துப் பலபேர் ராப்பகலாகத் தேடினார்கள்.

பியூஸ் கம்பி எடிசன் காலத்து ஏற்பாடு. மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தான் உருகி, வீட்டைக் காப்பாற்றும். ஒரு வீட்டுக்கு அது போதும். ஆனால் நூறு மைல், இருநூறு மைல் நீளத்துக்குக் கோபுரம் கோபுரமாகத் தாண்டிப் போகிற கம்பிகளில், இரண்டு லட்சம் வோல்ட்டு அழுத்தத்தில் மின்சாரம் ஓடுகிறபோது பியூஸ் கட்டையும் முக்காலியும் என்ன செய்யும்? அந்தக் கம்பியில் மின்னல் விழுகிறது. அல்லது ஒரு மரக்கிளை உரசுகிறது. உடனே மின்சாரம் கரை உடைத்த வெள்ளம்போல் பூமிக்குள் பாயும். ஒரு விநாடியில் சிறு பகுதிக்குள் அந்தக் கம்பியைத் துண்டித்தாக வேண்டும். இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மர்கள் எரியும். மின்சாரம் உற்பத்தி செய்கிற ராட்சத யந்திரங்கள் தாளம் தப்பி ஆடும். விநாடியில் சிறு பகுதி என்பது மனிதன் கண் இமைக்கிற நேரம். அதற்குள் அவன் யோசித்து முடிவு செய்வது எங்கே?

ஆகவே ரிலே என்ற ஒரு காவல்காரனைக் கண்டுபிடித்தார்கள். பழைய ரிலேக்களைக் கண்ணாடி முகப்புள்ள பெட்டியில் வைத்திருப்பார்கள். உள்ளே, நம் வீட்டு மீட்டரில் சுழலுமே, அதுபோல ஓர் அலுமினியத் தட்டு இருக்கும். மின்சாரம் அளவுக்கு மீறினால் தட்டு திரும்பி ஒரு தொடுப்பைத் தொடும். உடனே பெரிய பிரேக்கர் திறந்துகொண்டு கம்பியைத் துண்டித்துவிடும். பிற்பாடு வந்த ரிலே இன்னும் கெட்டிக்காரத்தனமானது. எவ்வளவு தூரத்தில் பழுது என்பதையும் அது உத்தேசமாகக் கண்டுகொள்ளும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கம்பி நீளமாக இருந்தால் மின்சாரத்துக்குத் தடை அதிகம். குட்டையாக இருந்தால் குறைவு. வோல்ட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை தெரியும். தடை தெரிந்தால் தூரம் தெரியும். பத்தாவது படிக்கிற பையன் போடும் கணக்கு. அதை இரும்பும் செம்புச் சுருளும் சேர்ந்து, யாரும் சொல்லாமல், கண் இமைப்பதற்குள் போட்டுவிடுகின்றன.

இந்தக் காவல்காரனுக்கு எல்லைகளும் உண்டு. தன் கம்பியில் பழுது என்றால் உடனே வெட்டு. அடுத்த கம்பியில் என்றால் சற்றுப் பொறு. அங்கே உள்ள காவல்காரன் வெட்டட்டும். அவன் தூங்கிவிட்டால் நீ வெட்டு. இப்படி முதல் எல்லை, இரண்டாவது எல்லை, மூன்றாவது எல்லை என்று வகுத்தார்கள். மூன்றாவது எல்லையைக் காக்கிறவன் கடைசி நம்பிக்கை. மற்ற எல்லோரும் கைவிட்டபோது கை கொடுக்க வேண்டியவன்.

ஆனால் அவனிடம் ஒரு குறை இருந்தது. அவனுக்கு வோல்ட்டும் மின்னோட்டமும்தான் கண்ணுக்குத் தெரியும், காரணம் தெரியாது. தூரத்தில் ஒரு பழுது ஏற்பட்டால் மின்னோட்டம் கூடும், வோல்ட்டு குறையும். சரி, பழுதே இல்லாமல் ஊரெல்லாம் ஒரே சமயத்தில் விளக்கைப் போட்டு, கம்பியின் சுமை ஏறிவிட்டால்? அப்போதும் மின்னோட்டம் கூடும், வோல்ட்டு குறையும்! கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து, கொள்ளைக் கூட்டம் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுகிற காவல்காரனை என்ன செய்வது? அவனைக் கோபித்துக்கொள்ள முடியாது. "இத்தனை பேருக்கு மேல் வந்தால் கதவைச் சாத்து" என்று சொல்லி வைத்தது நாம்தானே?

1965-ம் வருஷம் நவம்பர் 9-ம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை 5 மணி 16 நிமிஷத்துக்கு நடந்தது அதுதான்.

நயாகரா நதியின் கனடாக் கரையில் சர் ஆடம் பெக் என்பவர் பெயரால் ஒரு நீர் மின்சார நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே டொரன்டோ நகரப் பக்கம் ஐந்து பெரிய கம்பி வழிகள் போயின. குளிர் காலத்துச் சாயங்காலம், இருட்டுகிற நேரம். டொரன்டோவில் அடுப்புகளும் விளக்குகளும் கணப்புகளும் ஏறிக்கொண்டிருந்தன. ஐந்து வழிகளில் ஒன்றில் இருந்த ஒரு ரிலேக்கு 375 மெகாவாட் என்று எல்லை வைத்திருந்தார்கள். சுமை அதைச் சற்றே தாண்டியது. காவல்காரன் கதவைச் சாத்தினான்.

அந்த ஒரு கம்பியில் போன மின்சாரம் மற்ற நான்கின் தலையில் விழுந்தது. அவற்றின் ரிலேக்களும் அதே கணக்கைப் போட்டன. அதே முடிவுக்கு வந்தன. இரண்டரை விநாடியில் ஐந்து கதவுகளும் மூடிவிட்டன. ஆனால் நயாகரா நிற்குமா? டர்பைன்கள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. வடக்கே போக வழியில்லாத மின்சாரம் திரும்பித் தெற்கே, அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்துக் கம்பிகளில் பாய்ந்தது. அங்கே இருந்த காவல்காரர்கள் இந்த எதிர்பாராத வெள்ளத்தைப் பார்த்து மிரண்டு தத்தம் கதவுகளைச் சாத்த, ஊர் ஊராக, மாகாணம் மாகாணமாக இருட்டு பரவியது. பன்னிரண்டு நிமிஷத்தில் நியூயார்க், பாஸ்டன் எல்லாம் அணைந்தன. மூன்று கோடி ஜனங்கள். எண்பதாயிரம் சதுர மைல். அதாவது நம் தமிழ்நாட்டைப் போல ஒன்றரைப் பங்குக்கு மேல். சில இடங்களில் விளக்கு திரும்பி வரப் பதின்மூன்று மணி நேரம் ஆயிற்று.

நியூயார்க்கில் அது ஆபீஸ் விடுகிற நேரம். பூமிக்கடியில் ஓடும் ரயில்களில் மட்டும் எட்டு லட்சம் பேர் அகப்பட்டுக்கொண்டார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். வானளாவிய கட்டடங்களில் லிப்டுகள் பாதி வழியில் நின்றன. அதிர்ஷ்டவசமாக அன்று முழு நிலவு. மின்சாரம் வந்த நாளிலிருந்து நிலாவைப் பார்த்தறியாத நகரத்தார், தங்கள் தெருக்களில் நிலா வெளிச்சம் விழுவதை அன்றுதான் பார்த்தார்கள். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஆற்றுக்கு அப்பால், விளக்கு எரிந்துகொண்டிருந்த நூவர்க் நகரில், வேறொரு பத்திரிகையின் அச்சகத்தை இரவல் வாங்கி, பத்துப் பக்கத்தில் மறுநாள் இதழைக் கொண்டுவந்துவிட்டது. பத்திரிகைக்காரர்களுக்கும் எதிர்வீடு ஒன்று வேண்டியிருக்கிறது.

அந்த இரவைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் எனக்குப் பிடித்தது ஒரு சிறுவனின் கதை. நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஒரு பையன் பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும்போது, கையில் ஒரு கழியை வைத்துக்கொண்டு வழியில் உள்ள மின் கம்பங்களையெல்லாம் தட்டிக்கொண்டே வந்தானாம். எந்த ஊர்ப் பையனும் செய்கிற காரியம். ஒரு கம்பத்தைத் தட்டினான். ஊர் முழுவதும் விளக்கு அணைந்தது. பையன் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினான், தான் செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ள.

ஒப்புக்கொண்டவன் அவன் ஒருவன்தான். அது பனிப்போர்க் காலம்; இது சத்துருக்களின் சதியோ என்றுகூட முதலில் பயந்தார்கள். ஜனாதிபதி ஜான்சன், ஜோசப் ஸ்விட்லர் என்பவர் தலைமையில் இருந்த மின்சாரக் கமிஷனை விசாரணைக்கு உத்தரவிட்டார். நியூயார்க் மாகாணத்தின் உட்பகுதியில்தான் ஏதோ நேர்ந்திருக்க வேண்டும் என்று அங்கே துருவினார்கள். எங்கேயாவது ஒரு கம்பி அறுந்திருக்க வேண்டும், ஒரு டிரான்ஸ்பார்மர் எரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் அத்தையின் முறை அங்கே செல்லவில்லை, பாருங்கள். எல்லா வீடும் இருட்டாக இருந்தால் எந்த வீட்டைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வது?

ஆறு நாள் கழித்து நயாகராக் கரையில் அந்த ரிலே பிடிபட்டது. அதை ஆராய்ந்து பார்த்தபோதுதான் விசித்திரம் தெரிந்தது. ரிலே பழுதாகவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தது. கம்பியும் பழுதாகவில்லை. மின்னல் இல்லை, மரம் இல்லை, சதி இல்லை. மூன்று கோடிப் பேரை இருட்டில் தள்ளியது ஒரு பழுது அல்ல. பழுது என்று ஒரு யந்திரம் செய்த நோய் நிர்ணயம். 375 என்ற எல்லை அந்த ரிலேயில் இருப்பது, அன்று பணியில் இருந்தவர்களுக்கே தெரியாது என்பதும் வெளியாயிற்று. வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் காவல்காரனுக்கு யாரோ உத்தரவு போட்டு வைத்திருந்தார்கள்.

இதற்குப் பிறகு என்ஜினீயர்கள் சும்மா இருக்கவில்லை. தனித்தனியாக ஒவ்வொரு வாசலிலும் காவல்காரனை நிறுத்தினால் போதாது. ஊர் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கிற ஒருவன் வேண்டும் என்று உணர்ந்தார்கள். அப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் பிறந்தவர் டோமாஸ் டி லியாக்கோ. ஓஹாயோ மாகாணத்தில், கிளீவ்லண்டு நகர மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். (கிளீவ்லண்டு என்ற பெயரைத் தயவு செய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) பெரிய கோளாறு ஒன்று நேரும்போது கட்டுப்பாட்டு அறையில் என்ன நடக்கும் என்பதை அவர் நேரில் அறிந்தவர். மணிகள் அலறும், சுவரில் வரிசை வரிசையாகச் சிவப்பு விளக்குகள் மின்னும், எத்தனையோ பிரேக்கர்கள் திறந்துகொண்டிருக்கும். அவற்றில் எது காரணம், எது விளைவு? எது நியாயமாகத் திறந்தது, எது திறக்க வேண்டியது திறக்காமல் பக்கத்து வீட்டுக்காரனைத் திறக்க வைத்தது? ஆபரேட்டர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். 1969-ல் டி லியாக்கோவும் அவருடைய சகா ஒருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்த எந்த ரிலே இயங்கியது, எந்த எந்த பிரேக்கர் திறந்தது என்ற சாட்சியங்களையெல்லாம் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், தர்க்க முறையில் அது பின்னோக்கி நடந்து, "பழுது இன்ன இடத்தில்" என்று சொல்லும் என்று காட்டினார்கள். துப்பறியும் நாவல் படிக்கிறவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. எல்லாத் தடயங்களையும் ஒருசேர விளக்குகிறவன் எவனோ அவனே குற்றவாளி. 1986-ல் ஜப்பானியர் புகுயி, கவகாமி இருவரும் அனுபவசாலியான ஒரு என்ஜினீயரின் யுக்திகளை விதிகளாக எழுதி, கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்து, இதே வேலையை வாங்கினார்கள். பிற்பாடு மூளை நரம்புகளைப் போலப் பின்னிய கணக்குகள், அப்புறம் இன்னும் என்னென்னவோ வந்தன. அவற்றுக்குள் நான் புகவில்லை. புகுந்தால் உங்களுக்கும் எனக்கும் மனஸ்தாபம் வந்துவிடும்.

ஆனால் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த பிரெட் ஷ்வெப்பே 1970-ல் வெளியிட்ட யோசனையைச் சொல்லாமல் விட முடியாது. அது அத்தையின் யோசனைதான். அத்தை ஒரு வீட்டைப் பார்த்தாள். ஷ்வெப்பே எல்லா வீட்டையும் பார்க்கச் சொன்னார்.

ஆயிரக்கணக்கான மீட்டர்கள் எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் சில பொய் சொல்லும். சில பழையதையே திருப்பிச் சொல்லும். யாரை நம்புவது? மின்சாரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு சந்திப்பில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வெளியே போயாக வேண்டும். கிர்க்காப் என்ற ஜெர்மானியர் 1845-லேயே சொல்லிவிட்ட விதி இது. வரவு நூறு, செலவு அறுபது என்று மீட்டர்கள் சொன்னால், அவற்றில் ஒன்று புளுகுகிறது. அக்கம்பக்கத்து மீட்டர்களை விசாரித்தால் புளுகன் அகப்பட்டுவிடுவான். இப்படி எல்லாச் சாட்சிகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, உண்மைக்கு மிக நெருக்கமான நிலவரத்தைக் கம்ப்யூட்டர் சில நிமிஷங்களுக்கு ஒரு முறை கணக்கிட்டுக் கொடுக்கும். அதோடு, "இந்தக் கம்பி இப்போது போய்விட்டால் என்ன ஆகும்? அந்தக் கம்பி போனால்?" என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்யும். கெட்டதையே நினைத்துக்கொண்டிருக்கிற பாட்டிமார்கள் வீட்டுக்கு எவ்வளவு உபயோகம் என்பதை என்ஜினீயர்களும் கண்டுகொண்டார்கள்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. எந்தக் கம்பி இணைந்திருக்கிறது, எது துண்டிக்கப்பட்டிருக்கிறது என்ற வரைபடம் சரியாக இருக்க வேண்டும். வரைபடம் தப்பாக இருந்தால், யோக்கியமான மீட்டர்களெல்லாம் புளுகர்களாகத் தெரியும்.

முப்பத்தெட்டு வருஷம் ஓடிற்று. 2003-ம் வருஷம் ஆகஸ்ட் 14-ம் தேதி, வியாழக்கிழமை. மறுபடியும் அமெரிக்கா. இந்தத் தடவை கதை ஓஹாயோவில், கிளீவ்லண்டு பக்கத்தில் ஆரம்பமாகிறது. டி லியாக்கோ வேலை பார்த்த கம்பெனி அதற்குள் ஒரு பெரிய கம்பெனியின் அங்கமாகிவிட்டது.

பகல் 12 மணிக்குச் சற்றுப் பின்னர் இண்டியானா மாகாணத்தில் ஒரு கம்பி துண்டிக்கப்பட்டது. அந்தச் செய்தி, பல மாகாணங்களை மேற்பார்வையிடும் நிலையத்தின் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏறவில்லை. ஷ்வெப்பே முறைக் கணக்கு சரிவராமல் திணறிற்று. அங்கிருந்த நிபுணர் ஒருவர், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தானாக ஓடும் கணக்கை நிறுத்திவிட்டு, தவறைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினார். கணக்கு சரியாக வந்தது. திருப்தியோடு சாப்பிடப் போனார். தானாக ஓடும் ஸ்விட்சை மறுபடி போட மறந்துவிட்டார்.

அவரை நினைத்தால் எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேசப் போகாதவர்கள் நம்மில் யார்?

2 மணி 14 நிமிஷத்துக்கு ஓஹாயோக் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் அபாய அறிவிப்பு வேலை செய்வது நின்றுபோயிற்று. சத்தம் போட்டு நிற்கவில்லை, புகையவில்லை. திரைகள் எரிந்துகொண்டிருந்தன, எண்கள் தெரிந்தன. புதிய அறிவிப்பு மட்டும் வரவில்லை. ஆபரேட்டர்கள் என்ன நினைத்தார்கள்? மணி அடிக்கவில்லை, ஆகவே எல்லாம் க்ஷேமம் என்று நினைத்தார்கள். தொட்டிலில் சத்தமில்லை என்றால் குழந்தை தூங்குகிறது என்றுதானே தாய் நினைக்கிறாள்?

பிற்பாடு வாரக் கணக்கில் தேடித்தான் அந்த மௌனத்தின் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டருக்குள் இரண்டு வேலைகள் ஒரே தகவலை ஒரே கணத்தில் எழுத முயன்றிருக்கின்றன. குறுகிய வாசலில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் நுழைந்து சிக்கிக்கொண்டதுபோல ஆகிவிட்டது. அறிவிப்பு செய்யும் பகுதி செக்கு மாடாகச் சுற்றத் தொடங்கிவிட்டது.

2 மணி 27-க்கு ஒரு பெரிய கம்பி ஒரு கணம் துண்டாகி மறுபடி சேர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் பக்கத்துக் கம்பெனியிலிருந்து டெலிபோன் வந்தது: உங்கள் பக்கம் ஏதாவது ஆயிற்றா என்று. இங்கே திரையில் ஒன்றும் இல்லை. ஆகவே ஒன்றும் ஆகவில்லை என்று பதில் போயிற்று. அன்று எதிர்வீட்டுக்காரனே வாசலுக்கு வந்து கதவைத் தட்டினான். வீட்டுக்காரன் தன் வீட்டு மணியைத்தான் நம்பினான்.

2 மணி 54-க்குள் பிரதான கம்ப்யூட்டரும் அதன் துணையும் இரண்டுமே விழுந்துவிட்டன. கம்ப்யூட்டரைக் கவனிக்கிற ஊழியர்களுக்கு அது தெரியும்; அவர்கள் வந்து மறுபடி ஓட வைத்தார்கள். ஆனால் மணி அடிக்கிறதா என்று அவர்கள் ஆபரேட்டர்களைக் கேட்கவில்லை.

3 மணி 5-க்கு ஒரு கம்பி மரத்தில் உரசித் துண்டாயிற்று. அது தாங்கக்கூடிய சுமையில் பாதிகூட அதன்மேல் இல்லை. கீழே மரத்தை வளரவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். 3 மணி 32-க்கு இன்னொரு கம்பி. சுமை ஏறச் சூடாகி, சூட்டில் நீண்டு, தொய்ந்து, மரத்தின்மேல் பட்டது. பக்கத்தில் அதே கம்பெனிக்காக மரம் வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்தார்கள். அந்த நிமிஷத்தில், கையில் ரம்பம் வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம், கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. 3 மணி 41-க்கு மூன்றாவது கம்பி.

அதன் பிறகுதான் அறைக்குள் சந்தேகம் தட்டிற்று. கம்ப்யூட்டரே சரியில்லை, எங்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை என்று டெலிபோனில் கையை விரித்தார்கள். அப்போதும் ஒரு வழி இருந்தது என்று பின்னால் விசாரணை செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கிளீவ்லண்டு, ஆக்ரன் பகுதியில் ஆயிரத்து ஐந்நூறு மெகாவாட் அளவுக்குத் தாங்களே வேண்டுமென்று விளக்கை அணைத்திருந்தால், மற்றவர்கள் தப்பியிருக்கக்கூடும். எண்ணிப் பாருங்கள். தன் ஊரின் பெரும் பகுதியைத் தன் கையாலேயே இருட்டாக்குவது என்றால், தீ எங்கே எரிகிறது என்பது தெளிவாகத் தெரிந்தவனுக்கே கை நடுங்கும். புகைகூடக் கண்ணில் படாதவனுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

மேற்பார்வை நிலையத்தில் அந்தப் பெரிய கணக்கு, இன்னொரு கம்பி துண்டான செய்தி வராமல் மறுபடி தடுமாறி, கடைசியில் 4 மணி 4-க்குச் சரியாக ஓடத் தொடங்கியது. இரண்டு நிமிஷம் கூட மீதி இல்லை. 4 மணி 5 நிமிஷம் 57 விநாடிக்கு சாமிஸ் - ஸ்டார் என்ற கம்பி துண்டிக்கப்பட்டது. அதில் மரம் படவில்லை; பழுது எதுவுமே இல்லை. சுமை ஏறி வோல்ட்டு குறைந்ததைப் பார்த்த மூன்றாவது எல்லைக் காவல்காரன், தூரத்தில் எங்கோ பழுது என்று தீர்மானித்துக் கதவைச் சாத்திவிட்டான். நயாகராக் கரையில் அவனுடைய அண்ணன் செய்த அதே காரியம். அடுத்த ஏழெட்டு நிமிஷத்தில் ஐந்து கோடி ஜனங்கள் இருட்டில். அமெரிக்காவில் எட்டு மாகாணங்கள், கனடாவில் ஒன்டாரியோ. 265 மின்சார நிலையங்கள் நின்றன.

விசாரணைக்காரர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான பதிவுகள் கிடைத்தன. ஆனால் ஒவ்வொரு நிலையத்தின் கடிகாரமும் ஒவ்வொரு மணி காட்டியது! எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தவே மாதங்கள் ஆயின. இதற்கு மருந்து முன்பே தயாராக இருந்தது என்பதுதான் வேடிக்கை. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா சென்ற அருண் பட்கே என்ற நம் நாட்டவரும் அவருடைய கூட்டாளிகளும் வர்ஜீனியாவில் 1988-லேயே ஒரு கருவி செய்திருந்தார்கள். அது மின்சார அலையின் நிலையை விநாடிக்குப் பல தரம் அளந்து, ஒவ்வோர் அளவிலும் ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் நேரத்தை முத்திரை குத்தி அனுப்பும். ஊர் முழுவதற்கும் ஒரே கடிகாரம். 2003-க்குப் பிறகுதான் அதன் அருமை எல்லோருக்கும் தெரிந்து, உலகெங்கும் அதை வைக்கத் தொடங்கினார்கள். வட இந்தியாவில் 2010-ல் சோதனையாகச் சில இடங்களில் வைத்தார்கள்.

இரண்டே வருஷத்தில் அதற்கு வேலை வந்தது. 2012 ஜூலை 30-ம் தேதி, பின்னிரவு 2 மணி 33-க்கு, மத்தியப் பிரதேசத்தில் பீனா - குவாலியர் கம்பியை அதன் ரிலே துண்டித்தது. காரணம்? இதற்குள் நீங்களே சொல்லிவிடுவீர்கள். பழுது இல்லை, சுமை. மூன்றாவது எல்லைக் காவல்காரன்தான். வட இந்தியா முழுவதும் இருண்டது. அன்று சாயங்காலத்துக்குள் சரிசெய்தார்கள். மறுநாள் பகல் ஒரு மணிக்கு மறுபடி அதே கம்பி, அதே கதை; இந்தத் தடவை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் போயின. அறுபது கோடிப் பேருக்கு மேல். ரயில்கள் வழியில் நின்றன. நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். உலகத்தில் அதுவரை அவ்வளவு பேர் ஒருசேர இருட்டானதில்லை.

தெற்கே நமக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் கெட்டிக்காரர்கள் என்பதால் அல்ல. அப்போது தென்னாட்டு மின்சார வலை மற்றவற்றோடு நேர் மின்னோட்டக் கம்பிகளால் மட்டுமே இணைந்திருந்தது. அந்த இணைப்பில் அங்கத்திய ஆட்டம் இங்கே தொற்றாது. அடுத்த வருஷம் டிசம்பர் கடைசி நாளில், ரெய்ச்சூர் - சோலாப்பூர் கம்பி வழியாக நம்மையும் சேர்த்துக்கொண்டு ஒரே தேசம், ஒரே வலை ஆகிவிட்டது.

அந்த ஜூலை 31-ம் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். டில்லியில் ரயில் நிலையத்தில் கூட்டம், கல்கத்தாவில் கூட்டம் என்று காட்டிக்கொண்டே இருந்தார்கள். மணி மூன்று. டப்பென்று படம் அணைந்தது, மின்விசிறி நின்றது.

பழக்க தோஷம், வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டுக்காரரும் வேட்டியை இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். முகத்தில் கலவரம்.

"நமக்கும் வந்துட்டுதா சார்?" என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரில் அந்த வருஷம் தினமும் மின்வெட்டு உண்டு. எங்கள் தெருவின் முறை மூன்றிலிருந்து ஐந்து வரை.

"இல்லை சார், இது நம்மோடது" என்றேன்.

"அப்படியா!" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு, அவர் விசிறியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.